சின்ன ஃபார்முலா கார்ல ஃபயர் பாட்டில் எங்க வைக்கிறதுங்க?

காங்கேயம்_ஸ்பேனர்:
வணக்கம்ங்ணா எல்லாருக்கும். பழைய சிங்கிள் சீட்டர் ஒண்ணு வாங்கி ரெடி பண்ணிட்டு இருக்கறமுங்க. எஸ்டீம் 1300 இன்ஜின், ட்யூப் சேஸிஸ், பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாடி, அதுக்கும் பின்னாடி இன்ஜின். ஓட்டப் போறது என்ற தம்பி. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல மொதல்ல ப்ராக்டீஸ், அப்பறம் ரேஸ்னு யோசனை.
வண்டியில ஃபயர் சிஸ்டம்னு ஒண்ணுமே இல்லீங்க, பழைய ஓனர் பவுடர் சிலிண்டர் ஒண்ண ஜிப் டை போட்டு கட்டி வச்சிருந்தாரு, அதக் கழட்டியாச்சு. பக்கத்து பட்டறைக்காரர் என்ன சொல்றாருன்னா மில்லுல மேல தொங்க விடறாங்களே சிவப்பு கண்ணாடி பல்ப் வச்ச குண்டு, அத இன்ஜின் மேல மாட்டிரு, தீ பட்டா அதுவே வெடிச்சு அணைச்சிரும், காசும் கம்மின்னு. செய்யலாமுங்களா? ஃபயர் பாட்டில், அதாவது பைப், நாசில் வச்ச தீயணைப்பு சிலிண்டர்னா எங்க வைக்கிறது, கேபிள இழுத்து அடிக்கறதா, எலக்ட்ரிக் பட்டனா? உள்ள இடம் நெம்ப கம்மி. தம்பி உக்காந்தா ஒரு டிபன் பாக்ஸ் கூட வைக்க முடியாது.

பீளமேடு_பிட்லேன்:
தம்பி அந்தக் குண்டு வேண்டாம். அந்த சிவப்பு பல்ப் 68 டிகிரில உடையும். ரெண்டு லேப் போட்டு வந்து பிட்ல நின்னா எக்ஸாஸ்ட் பக்கத்துல அந்தச் சூடு சாதாரணம், அப்ப தீயே இல்லாம கொட்டிரும். மறுபக்கம், நெஜமா தீ கால் பக்கத்துல வந்தா டிரைவரால அத ஒண்ணும் பண்ண முடியாது, இழுக்கறதுக்கு கைப்பிடியே கெடையாது. உள்ள இருக்கறதும் ஏபிசி பவுடர், காக்பிட்ல பறந்தா கண்ணும் தெரியாது மூச்சும் விட முடியாது, பெல்ட் பக்கிள் எங்க இருக்குன்னு தடவிக்கிட்டு இருக்கோணும்.
பாட்டில் எதுக்குன்னு ஒரு தெளிவு வேணும். வண்டியக் காப்பாத்தறதுக்கு இல்ல, டிரைவர் பெல்ட்ட கழட்டி வெளிய வர்ற நேரத்துக்கு. 2020ல பஹ்ரைன் ரேஸ்ல வண்டி மோதி டிரைவர் க்ரோஷான் தீக்குள்ள இருந்தது கிட்டத்தட்ட 28 செகண்ட், அது ஃபார்முலா ஒன், டாக்டர் கார் பின்னாலயே வந்துச்சு. நம்ம ப்ராக்டீஸ் நாள்ல மார்ஷல் (ட்ராக் ஓரத்துல நிக்கற பாதுகாப்பு ஆள்) ஓடி வர்றதுக்குள்ள என்னென்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.
உலக கார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட 8865-2015 ஸ்டாண்டர்டுன்னு போட்டிருக்கற கிட் பாருங்க. ஓப்பன் காருக்கு என் சாய்ஸ் நுரை அடிக்கற ஃபோம், அதாவது ஏஎஃப்எஃப்எஃப். காஸ் சிஸ்டம் சுத்தமா இருக்கும், கழுவற வேலை இல்ல, மூடுன காருக்கு ஜோர். ஆனா மேல திறந்து கெடக்கற வண்டியில காத்து அடிச்சா காஸ் கலைஞ்சு போயிரும், ஃபோம் பெட்ரோல் மேல ஏடு மாதிரி படிஞ்சு மூடும், சூட்டையும் இறக்கும். அடிச்சதுக்கப்பறம் அன்னைக்கே தண்ணி விட்டுக் கழுவிரோணும், அலுமினியத்த அரிச்சிரும்.
வைக்கிற இடம்: தொடைக்கு அடியில, சீட்டு முன்னோரத்துல குறுக்கால படுக்க வைங்க. நீளவாக்குல வச்சா முன்னால மோதும்போது பட்டைக்குள்ள இருந்து வழுக்கி நேரா கால் மேல போகும், வேற வழியே இல்லாம அப்படி வச்சா முன்னாடி தடுப்பு ஒண்ணு கட்டாயம் வேணும்.

கரூர்_பஸ்பாடி:
அண்ணா சொன்னது சரிங்க, பிராக்கெட் பத்தி நான் ஒண்ணு சேத்துக்கறேன். 25 ஜி, அதாவது பாட்டில் எடையப் போல 25 மடங்கு இழுப்பு தாங்கோணும்னு ரூல். பாட்டில் 5 கிலோன்னா அந்த நேரத்துல 125 கிலோ இழுக்கும். பாப் ரிவெட் நிக்காது, தரைத் தகட்டுல போல்ட் போட்டா தகடோட பிச்சுட்டு வரும். சேஸிஸ் ட்யூப்ல ஓட்டை போடாதீங்க, டேப் (சின்ன தகட்டுக் காது) வெல்ட் பண்ணி அதுல 8.8ங்கற பலமான ரக போல்ட், அதிர்வுல கழராத நைலாக் நட். ரெண்டு ஸ்டீல் பட்டை, ஜிப் டை ஆகவே ஆகாது.
பைப்ப ஹேக்ஸா வச்சு அறுக்காதீங்க, ட்யூப் கட்டர் வாங்கிக்கோங்க. அறுத்த வாய உள்பக்கம் வழிச்சு எடுத்து, காத்தடிச்சு ஊதி விட்டுத்தான் நாசில் மாட்டோணும், சின்ன பிசிறு ஒண்ணு போதும் நாசில் அடைச்சுக்கும். கிட்ல குடுத்த நாசில் எத்தனையோ அத்தனைதான், நாமளா ஒரு டி (T) ஜாயிண்ட் போட்டு எச்சா ரெண்டு சேத்தா எல்லாத்துலயும் ப்ரஷர் கொறஞ்சு போயிரும். காக்பிட் நாசில் கால், தொடை பக்கமா பாக்கோணும், மூஞ்சிக்கு நேரா வைக்கக்கூடாது. இன்ஜின் பக்கம் ஃபியூல் ரெயிலையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் பாத்த மாதிரி வைங்க.
எங்க பக்கம் பஸ் இன்ஜின் ரூம்ல ஏஐஎஸ்-135ங்கற இந்திய வாகன ஸ்டாண்டர்டு படி ஆட்டோமேட்டிக்கா வேலை செய்யற சிஸ்டம் போடறோம், டிரைவர் முன்னால இருக்காரு தீ பின்னால இருக்கு, அங்க அது சரி. உங்க வண்டியில தம்பி கையாலயே இழுக்கற மாதிரி ஒண்ணு இருந்தே ஆகோணும்.

காங்கேயம்_ஸ்பேனர்:
நெம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். குண்டு ஐடியாவ விட்டாச்சு. துபாய்ல ஒறம்பரை ஒருத்தர் இருக்காரு, லீவுக்கு வர்றப்ப பெட்டில போட்டு எடுத்துட்டு வர சொல்லட்டுங்களா? கேபிள் எலக்ட்ரிக் பத்தியும் சொல்லுங்.

பீளமேடு_பிட்லேன்:
பெட்டில வேண்டாம், ப்ரஷர் ஏத்துன பாட்டில பயணி லக்கேஜ்ல ஏத்தவே விடமாட்டாங்க. யுஎன் 1044னு அபாயச் சரக்கு கணக்குல கார்கோவா வரணும், ரேஸ் சாமான் எறக்குமதி பண்றவங்ககிட்டயே ஆர்டர் குடுத்துருங்க. வாங்கறப்ப பாட்டில் மேல தேதி பாருங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா சர்வீஸ், கடையில தூங்குன பாட்டில்னா பாதி ஆயுசு போயிருக்கும்.
உங்க வண்டிக்கு நான் கேபிள்தான் சொல்லுவேன். எலக்ட்ரிக் இடம் கம்மியா எடுக்கும், வயர எங்க வேணா வளைச்சுக்கலாம், ஆனா அதுக்கு தனி பேட்டரி, ஒவ்வொரு ரேஸுக்கும் முன்ன டெஸ்ட் பட்டன், ஆர்ம் ஸ்விட்ச் (சிஸ்டத்த தயார் நிலையில வைக்கறது), எல்லாம் ஒருத்தர் மறக்காம பாக்கோணும். கேபிள் வளைவ பெருசா விடுங்க, மடிஞ்சா சிக்கிக்கும், எக்ஸாஸ்ட்டுக்கு தூரமா போகட்டும். பாட்டிலும் 60 டிகிரிக்கு மேல ஆகாத இடமா இருக்கோணும்.
தீன்னா மொதல்ல கில் ஸ்விட்ச் (வண்டி கரண்ட்ட மொத்தமா கட் பண்றது), உடனே பாட்டில். இத தம்பிக்கு பழக்கிருங்க. பெட்ரோல் பம்ப் ஓடிட்டே இருந்தா பெட்ரோலும் வந்துட்டே இருக்கும், பாட்டில் காலியானதும் மறுக்கா பத்திக்கும்.

காங்கேயம்_ஸ்பேனர்:
இன்னைக்கு தம்பிய உக்கார வச்சுப் பாத்தமுங்க. ஹெல்மெட், க்ளவுஸ், ஷோல்டர் பெல்ட் முழுசா இறுக்கி. டேஷ்ல வலது ஓரத்துல கைப்பிடி வைக்கலாம்னு நெனச்சிருந்த எடத்துக்கு விரல் நுனி தொடுது, ஆனா மடக்கிப் பிடிக்க முடியல. ஸ்டியரிங்குக்கு வலதுபக்கம் கில் ஸ்விட்ச்சுக்கு ஒட்டுனாப்புல தள்ளி வச்சு அட்டையில ஒண்ணு செஞ்சு பாத்தம், கண்ண மூடிட்டே ரெண்டையும் பிடிக்கறான். அங்கயே டேப் வெல்ட் பண்ணப் போறேன்.

பீளமேடு_பிட்லேன்:
அருமை, அதான் சரியான முறை. இடது கையாலயும் எட்டுதான்னு பாத்துருங்க, வலது கை அடிபட்டா அதுதான். வெளிய ஒரு கைப்பிடி ரோல் ஹூப் (டிரைவர் தலைக்குப் பின்னாடி இருக்கற பாதுகாப்பு வளைவு) அடிப்பக்கத்துல, மார்ஷலுக்கு. வெள்ளை வட்டம், சிவப்பு ஓரம், நடுவுல சிவப்புல இங்கிலீஷ் E எழுத்து, 10 செ.மீ.க்கு கொறயாம. கில் ஸ்விட்ச்சுக்கு நீல முக்கோணத்துல சிவப்பு மின்னல். அப்பறம் பாட்டில் தெரியாம அடிச்சிராம இருக்க மாட்டற சேஃப்டி பின்னுல ஒரு நீளமான சிவப்பு ரிப்பன் கட்டுங்க, பிட்ட விட்டு வண்டி வெளிய போறப்ப அந்த ரிப்பன் உங்க கையில இருக்கோணும், வண்டியில இல்ல.