ஈராக் போரும் டோனி பிளேரும்: நாங்கள் நேரில் கண்டவை

2005 பிரிட்டிஷ் தேர்தலில் வடக்கு லண்டனின் ஹார்ன்சி அண்ட் வுட் கிரீன் தொகுதியில், பிரதமர் டோனி பிளேரின் தொழிற்கட்சிக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனேன். அதற்கு முந்தைய தேர்தலில் பத்தாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்த இடம். கதவைத் திறந்தவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் தேறியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் காத்திருப்பது குறைந்திருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். அப்புறம் ஈராக் பேச்சு வரும், முகம் மாறிவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஆயுசு முழுக்க எங்களுக்கே போட்டவர், "ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று பிளேர் சொன்னதை நம்பினேன். இந்தத் தடவை எனக்குக் கை வராது" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. போரை எதிர்த்த லிபரல் டெமாக்ரட் கட்சியின் லின் ஃபெதர்ஸ்டோன் அந்தத் தொகுதியைப் பிடித்தார். நாடாளுமன்றத்தில் எங்கள் பெரும்பான்மை 167 இடங்களிலிருந்து 66-க்கு இறங்கியது.

ஆனாலும் பிளேர் பிரதமராகவே இருந்தார். 2003 மார்ச் 18-ல் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 139 பேர் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டும், ஈராக் போரில் இறங்க அனுமதி கேட்ட தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதற்கு எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி கைகொடுத்ததும் ஒரு முக்கியக் காரணம். போரால் கோபப்பட்டவர் போரை ஆதரித்த இன்னொரு கட்சிக்கு எப்படிப் போவார்? அடுத்த இடத்தில் காத்திருந்த கார்டன் பிரவுனும் போரை ஆதரித்தவர்தான்.

* * *

தம்பி, நான் ஈஸ்ட் ஹாமில இருக்கிறன். 2003 பெப்ரவரி 15 லண்டனில நடந்த போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனனான். எங்கட ஊர்ச் சண்டைக்குள்ள இருந்து தப்பி வந்த ஆக்கள் நாங்கள், குண்டு விழுந்தா என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. பக்கத்தில நடந்து வந்த வெள்ளைக்கார மனிசி, தான் ஒரு ஊர்வலத்துக்கும் முந்தி வந்ததில்லை எண்டு சொன்னவ. பொலிஸ் கணக்கிலயே ஏழரை லட்சம் சனம்.

எனக்கு மறக்கேலாதது 2005 தேர்தல் இரவு. பெற்றோல் செட்டில இரவு வேலை, டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிளேரின்ர செட்ஜ்ஃபீல்ட் தொகுதியில, ஈராக்கில மகனைப் பறிகுடுத்த ரெக் கீஸ் அவருக்கு எதிராச் சுயேச்சையா நிண்டவர். பத்தில ஒரு வாக்கு அவருக்கு விழுந்தது. பிரதமர் ஒருநாள் மன்னிப்புக் கேட்பார் எண்டு நம்புறன் எண்டு அவர் மேடையில பேசேக்க, பிளேர் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெண்ட மனிசன்ர முகமே இல்லை அது.

* * *

அண்ணா, அந்தக் காட்சியை நானும் பார்த்தேன். 2006-ல் எங்கள் கிளைக் கூட்டங்களில் அதே கனம் தெரிந்தது. லெபனானில் இஸ்ரேல் குண்டு போட்டபோது உடனடிப் போர்நிறுத்தம் கேட்க பிளேர் மறுத்தார். முன்பு ஈராக் விஷயத்தில் அவருக்காக வாதாடியவர்கள் இந்த முறை வாயே திறக்கவில்லை. செப்டம்பரில் அவரைப் போகச் சொல்லி எங்கள் கட்சி எம்.பி.க்களே கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்ட இளநிலை பாதுகாப்பு அமைச்சர் டாம் வாட்சன் பதவி விலகினார். ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறேன் என்று பிளேர் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2007 ஜூன் 27-ல் போனார்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 1956-ல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்துடன் நடந்த சண்டை முடிந்து இரண்டே மாதத்தில், 1957 ஜனவரியில், அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ஆன்டனி ஈடன் பதவி விலகினார். உடல்நலத்தைக் காரணம் சொன்னாலும், அமெரிக்கா எதிர்த்து நின்றதும் பவுண்டு ஆட்டம் கண்டதும் அவரை முன்பே சாய்த்திருந்தன. பிளேருக்கு அமெரிக்கா துணை நின்றது, பொருளாதாரமும் நன்றாக இருந்தது. அதனால்தான் நான்கு வருடம் தாங்கினார் என்பது என் கணிப்பு. அந்த ஆசிரியை மாதிரி எத்தனையோ பேரின் நம்பிக்கையை அதற்குள் எங்கள் கட்சி இழந்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.