பில்சன் பீர் அருங்காட்சியகம்: இரண்டு சொற்களுக்கு உதவி தேவை

வணக்கம். செக் நாட்டின் பில்சன் நகரில் உள்ள பீர் அருங்காட்சியகத்துக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதுகிறோம். 1842-இல் யோசெப் கிரோல் அங்கே தயாரித்த பொன்னிற லாகர் வகை பீரின் செய்முறையை விளக்கும் சொற்களில்தான் சிக்கல்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, 35 டிகிரி வெதுவெதுப்பான நீரில் கரைப்பார்கள். அந்தக் கூழில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனிக் கொப்பரையில் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றினால் மொத்தச் சூடு ஏறும். மூன்று முறை செய்தால் 52, 64, 75 டிகிரி என்று படிப்படியாக உயரும். முதலிரு முறையும் அடியில் தங்கும் கெட்டிக் கூழையே எடுக்க வேண்டும். நொதிகள் மேலே நிற்கும் நீரில்தான் அதிகம். அதைக் கொதிக்கவிட்டால் அவை அழிந்துவிடும், மாவுச்சத்து சர்க்கரையாக மாறாது.

இந்தக் கூழை 'ஊறல்' எனலாமா? நம்மூரில் அது ஏற்கெனவே புளித்த சாராய ஊறல். இங்கே ஈஸ்ட் இன்னும் சேரவே இல்லை. கொதிக்கவிட்டுச் சேர்க்கும் முறைக்கு 'டிகாக்‌ஷன்' என்றால் எல்லோருக்கும் காபிதான் நினைவுக்கு வரும். 'காய்ச்சுதல்' என்றாலோ வாலை வடிப்பு, அதாவது ஆவியாக்கிச் சாராயம் இறக்குவது, என்று பொருள்படும், அது முழுத் தவறு.

கள், பதநீர், கருப்பட்டித் தொழில் தெரிந்தவர்கள் புழக்கத்தில் உள்ள சொல் இருந்தால், எந்த ஊர் வழக்கு என்பதோடு தயவுசெய்து சொல்லுங்கள்.