மோட்டிவேட்டட் ரீசனிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

தஞ்சாவூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை உளவியல் வகுப்புக்கான பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும். 'மோட்டிவேட்டட் ரீசனிங்' என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் இல்லாமல் நிற்கிறது. ஒரு கட்சி பிடித்துவிட்டால் மனம் அதற்குத் தக்கபடி காரணம் தேடுகிறதே, அதைச் சொல்கிறேன். வழக்கமான ஜூன் 12இல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கவில்லை என்று வையுங்கள். ஆள்வது நம் கட்சி என்றால் 'மழை இல்லை, என்ன செய்வார்கள்' என்போம். மற்றவர் ஆண்டால் 'கையாலாகாத அரசு'. இப்போதைக்கு 'உள்நோக்க வாதம்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

திருவாரூரிலிருந்து:
'உள்நோக்கம்' வேண்டாம் அக்கா. அந்தச் சொல்லைக் கேட்டாலே கெட்ட எண்ணம் என்றுதான் படும். 1990இல் உளவியலாளர் ஸிவா குண்டா இதைப் பற்றி எழுதிய கட்டுரை சொல்வது வேறு. ஆசைப்பட்டதை எல்லாம் நம்பிவிட முடியாது; தனக்கே நியாயமாகப் படும் காரணம் கிடைக்க வேண்டும். அதைத் தேடும்போதுதான் நினைவு ஒரு பக்கம் சாய்கிறது. குறுவை கருகிய வருஷமும் என் அப்பா தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. மனதாரத்தான் பேசினார். அவரைப் பொய்யர் ஆக்குகிற சொல் எனக்கு வேண்டாம். 'சார்புக் காரணம்' எனலாமா?

திருவையாற்றிலிருந்து:
'மோட்டிவ்' என்பதன் லத்தீன் வேர் நகர்த்துதல். நமக்கு 'உந்து' இருக்கிறது. உந்தி என்றால் ஆறு, நீர்ச்சுழி, கொப்பூழ். திருவாசகத்தில் 'உந்தீபற' வருகிறது. உந்தி பறத்தல் மகளிர் விளையாட்டு. காவிரிக்கரையில் இருந்துகொண்டு இந்த வேரை விடலாமா? 'வாதம்' வடசொல், அதற்கு 'ஏரணம்' உண்டு. குற்றியலுகரம் கெட்டு 'உந்தேரணம்'. வினைத்தொகையாக அழகாக நிற்கிறது.

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, உந்தேரணம் என்றால் பிள்ளைகள் ஏதோ இயந்திரம் என்று நினைப்பார்கள். ஏரணம் தர்க்கவியலின் பெயர். இங்கே பேசுவது சாதாரண மனம் காரணம் தேடுவதை. 'சார்பு' எனக்குச் சரி. திருக்குறளில் மெய்யுணர்தல் அதிகாரத்திலேயே அது பற்று என்ற பொருளில் வருகிறது. ஆனால் 'சார்புக் காரணம்' என்றால் காரணம்தான் சார்புடையது என்று ஆகிவிடும். தேடுவது அல்லவா சாய்கிறது? 'சார்புவழிக் காரணந்தேடல்' என்று வைப்போம். நீளம்தான், புரிகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதை எடுத்துக்காட்டாகச் சேருங்கள். பிடிக்காத கட்சிக்கு, வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம்.

திருவாரூரிலிருந்து:
எனக்குச் சம்மதம். தேடல் என்று வந்தால் அப்பாவைச் சரியாகச் சொன்னதாக இருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:
சரி, மூன்று பேர் ஒத்துக்கொண்டோம். 'சார்புவழிக் காரணந்தேடல்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். ஐயா மன்னிக்கவும், நேரமில்லை.

திருவையாற்றிலிருந்து:
அனுப்புங்கள் அம்மா. ஆனால் 'காரணம்' வடசொல் என்பதை யாரும் கவனிக்கவில்லை. 'ஏது' என்பதும் அப்படித்தான் என்று சொல்வார்கள். அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுப்பேன். உந்தேரணத்தை நான் கைவிடவில்லை.