இருட்டில் பரணுக்குப் போவதும் திரும்பி வருவதும்: மிச்சிகன், முதல் சீசன்

புதுப்பரண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மான் வேட்டையில் இது எனக்கு முதல் வருடம். பாதுகாப்பு வகுப்பு முடித்து, லைசன்ஸ் வாங்கி, அக்டோபர் 1 முதல் கிராஸ்போவோடு (விசை வைத்த குறுக்கு வில்) போய்க்கொண்டிருக்கிறேன். லான்சிங்குக்கு மேற்கே, கூட வேலை பார்ப்பவருடைய அப்பாவின் நிலம், 60 ஏக்கர். ரோட்டை ஒட்டி சோயா வயல் (அறுவடை முடிந்துவிட்டது), அதைத் தாண்டிக் காடு, காட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. காட்டோரத்தில் வயலைப் பார்த்தபடி 15 அடி ஏணிப் பரண் போட்டிருக்கிறேன்.

பரணில் உட்கார்ந்துவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. போய் வருவதுதான் சிக்கல். காலையில் ரோட்டோரம் வண்டியை விட்டு, வயலைக் குறுக்கே கடந்து போகிறேன். மூன்று முறை போனதில் இரண்டு முறை இருட்டுக்குள்ளிருந்து மான் மூக்கால் ஊதிவிட்டு ஓடிவிட்டது. அந்த நாட்களில் பிறகு ஒன்றுகூட வரவில்லை. மாலையில் இதற்கு நேர்மாறு. வெளிச்சம் போகும் நேரத்தில் ஐந்தாறு மான்கள் வயலில் மேய வந்துவிடுகின்றன, இறங்கினால் எல்லாம் பார்க்கும். போன வாரம் இறங்கும்போது கடைசிக்கு முந்தைய படியில் கால் வழுக்கியது. அடி இல்லை, ஆனால் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

நவம்பர் 15 துப்பாக்கி சீசன் தொடங்குகிறது. அதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். எந்த வழியாகப் போவது, என்ன விளக்கு, எவ்வளவு சீக்கிரம் போவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மான்தடம் எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் படி விஷயம், மற்றதெல்லாம் அப்புறம். ஹார்னஸ் (விழாமல் தாங்க உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தாலும், மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் மாட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆட்கள் விழுகிறார்கள். பரணுக்கு மேலே மரத்தில் கட்டி, அடி வரைக்கும் ஒரு பாதுகாப்புக் கயிறு தொங்கவிடுங்கள். கடைகளில் லைஃப்லைன் என்று கேட்டால் தருவார்கள். அதில் ப்ருசிக் என்ற ஒரு முடிச்சு இருக்கும். கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகி நின்றுவிடும். தரையில் நிற்கும்போதே ஹார்னஸை அதில் கோத்துவிட்டு ஏறுங்கள். மறுபடி தரையில் கால் வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கையோ ஒரு காலோதான் நகரலாம், மீதி மூன்றும் ஏணியில் இருக்கட்டும். நவம்பரில் படியில் உறைபனி படியும், ஒவ்வொரு படியையும் கையுறையால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஏறுங்கள்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறவே ஏறாதீர்கள். தோட்டாக்களை எடுத்துவிட்டு, கயிற்றில் குழல் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டி வைத்துவிட்டு, நீங்கள் மேலே போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்ட பிறகு இழுங்கள். குழல் முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் மண் அடைக்காது. இறங்கும்போதும் இதேதான்: தோட்டாவை எடுப்பது, துப்பாக்கியை இறக்குவது, பிறகு நீங்கள் இறங்குவது.

இப்போது வழிக்கு வருகிறேன். நான் கிளின்டன் கவுன்டியில் ஒரு பெரியவருடைய 40 ஏக்கரில் 13 வருடமாக உட்காருகிறேன். உங்களுக்கு நடப்பது எனக்கு அங்கே அப்படியே நடந்தது. மான் ராத்திரி முழுக்க வயலில் மேயும். விடியும்போது காட்டுக்குள் படுக்கப் போகும். நீங்கள் காலை ஆறு மணிக்கு வயலைக் கடந்தால் அதன் சாப்பாட்டுத் தட்டின் நடுவே நடக்கிறீர்கள். ஊதியது உங்களைக் கண்டதால் இல்லாமலும் இருக்கலாம், வாடை போனாலே போதும். ஒரு பெட்டை மான் ஊதினால் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற மான்களுக்கெல்லாம் சேதி போய்விடும்.

அந்தப் பெரியவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம் இது: மரத்தைத் தேடாதே, முதலில் வழியைத் தேடு, நல்ல வழி எந்த மரத்தில் போய் முடிகிறதோ அங்கே பரணைப் போடு. நான் இரண்டு வருடம் கேட்கவில்லை. தடமும் ஆண் மான் கொம்பால் உரசிய மரமும் நிறைந்த அருமையான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, போகும்போதே எல்லாவற்றையும் விரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் பரணை 80 கெஜம் தள்ளி, பார்வைக்குச் சுமாரான ஒரு மேப்பிள் மரத்துக்கு மாற்றினேன். அங்கே ஓடைப்படுகையிலேயே நடந்து போய் ஏறிவிடலாம். அந்த வருடம்தான் முதல் மான் கிடைத்தது.

உங்களுக்கும் பின்னால் ஓடை இருக்கிறது. ஆகவே காலை வேட்டைக்குச் சோயா வயலை மறந்துவிடுங்கள். ஓடை வழியாகப் பின்பக்கமிருந்து வாருங்கள். தண்ணீர்ச் சத்தம் காலடியை மறைக்கும், கரை உங்களை மறைக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டு நீரோரம் நடந்தால் வாடையும் குறையும். ஆனால் அந்தப் பக்கம் மான் படுக்கும் புதர் இருந்தால் இந்த யோசனை ஆகாது. பகலில் போய்ப் பாருங்கள். அப்படி இருந்தால் வயலோரப் பரணை மாலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காலைக்கு வேறு மரம் பாருங்கள்.

நேரக் கணக்கு: நவம்பர் நடுவில் நம் பக்கம் சூரிய உதயம் ஏழரை வாக்கில். சட்டப்படி சுடும் நேரம் உதயத்துக்கு அரைமணி முன்பு, அதாவது ஏழு மணிக்குத் தொடங்கும். நான் ஆறரைக்கு உட்கார்ந்துவிடுவேன். அந்த அரைமணி நேரம் காட்டுக்குத் தேவை. அணில், பறவை எல்லாம் நீங்கள் வந்ததை மறந்து மறுபடி சத்தம் போட வேண்டும். விளக்குக்கு இங்கே ஒரு சட்டமும் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. சுடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும், முடிந்து ஒரு மணி நேரம் வரையும், ஆயுதத்தில் தோட்டா இல்லாமல் நடந்து போகும்போது விளக்கு பிடிக்கலாம். நவம்பரில் அதற்கு மேல் விளக்கோடு சுற்றினால் மானுக்கு லைட் அடித்துத் திருட்டு வேட்டை ஆடுகிறவன் என்று சந்தேகம் வரும். ஆறு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு உட்கார்ந்தால் எல்லாம் சரியாக அமையும்.

விளக்கு சிவப்பாக இருக்கட்டும். மானின் கண்ணுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பு சரியாகத் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் நம் கண். இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், வெள்ளை விளக்கை ஒரு தடவை அடித்தால் அத்தனையும் போச்சு. இன்னொன்று, குளிரில் ஹெட்லாம்ப் போட்டால் நம் மூச்சே முகத்துக்கு முன் வெள்ளைத் திரையாக நிற்கும். நான் சின்ன டார்ச்சை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்வேன். வெளிச்சம் தாழ்வாக விழுந்தால் வேரும் குழியும் நிழலோடு தெளிவாகத் தெரியும். ஹெட்லாம்ப் பையில் மாற்றுக்கு இருக்கும்.

வழிக்கு அடையாளமாக, ஒளி பட்டால் மின்னும் குண்டூசிகள் வாங்கி மரங்களில் குத்திக்கொள்ளுங்கள். நேரே போக ஒன்று, திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டு. எல்லோரும் தவறுவது ஒன்று உண்டு: போகும் பக்கம் மட்டும் குத்திவிட்டு வந்துவிடுவார்கள். திரும்பும்போது மரத்தின் மறுபக்கம்தானே தெரியும்? இரண்டு பக்கமும் குத்துங்கள்.

எனக்கு ஐந்தாம் வருடம் ஒரு மூடுபனி மாலை. போன் குளிரில் அணைந்துவிட்டது, ஊசிகள் ஒரு பக்கம்தான். சதுப்புக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினேன். ரோடு கால் மைல்கூட இல்லை. வண்டிச் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் இருந்தது. கைவிரல் உணர்ச்சியில்லாமல் போனபோது உண்மையாகவே பயந்தேன். அன்றிலிருந்து கழுத்தில் ஒரு காம்பஸ் தொங்குகிறது. "தெற்கே நடந்தால் ரோடு" என்ற ஒரு வரி மட்டும் தெரிந்திருந்தால் போதும், அதற்கு பேட்டரி வேண்டாம். வீட்டில் எந்தப் பரண், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவேன்.

எங்கள் ஊர் தேனிப் பக்கம். தாத்தா கடலைக்காட்டில் பன்றி விரட்டப் பரண் கட்டிக் காவல் இருப்பார். அவர் போகும் நேரத்திலேயே சத்தம் போட்டு, தகரம் தட்டிக்கொண்டு போவார், ஆள் இருப்பது தெரியட்டும் என்று. இங்கே அதே பரணுக்குச் சத்தமே இல்லாமல் போகக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

---

ஏரிக்கரை எழுதியது:

மாலை பற்றி நான் சொல்கிறேன். நானும் என் கணவரும் கிராண்ட் ராபிட்ஸுக்கு வடக்கே ஒரு பண்ணையில் வேட்டைக்குப் போகிறோம். வயலில் மான் நிற்கும்போது பரணிலிருந்து இறங்கினால் அவை அந்த மரத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை வயலுக்குள் வருமுன் மேலே பார்க்கும். நாங்கள் செய்வது இது: சுடும் நேரம் முடிந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டு அசையாமல் இருப்போம். பண்ணைக்காரருக்கு ஒரு மெசேஜ் போகும். அவர் டிரக்கை வயலோரமாக மெதுவாக ஓட்டி வருவார். தினமும் பார்க்கிற வண்டிதானே, மான் மிரளாமல் விலகிக் காட்டுக்குள் போய்விடும். பிறகு இறங்குவோம். மான் பார்த்தது டிரக்கை மட்டும்தான். உங்கள் நண்பரின் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள். கறியில் ஒரு பங்கு கொடுக்க மறக்காதீர்கள்.

உடை ஒன்று. கனமான ஜாக்கெட்டை பையில் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குளிரும்படி லேசான உடையில் நடந்து போங்கள். வியர்த்துவிட்டால் மேலே ஒரு மணி நேரம்கூட உட்கார முடியாது. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு உடை பகலில்தான் கட்டாயம், ஆனால் 15-ஆம் தேதிக்குப் பிறகு இருட்டிலும் அது உடம்பில் இருக்கட்டும். மானை இழுத்து வரும்போது இன்னும் முக்கியம், குனிந்து நடக்கிற ஆளும் மானும் தூரத்திலிருந்து ஒரே உருவமாகத் தெரியும்.

---

மலைச்சரிவு எழுதியது:

நான் பென்சில்வேனியா, மலைப்பகுதி. உங்களுடையது சமதளம் என்றாலும் ஓடைப் பள்ளம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். விடியுமுன் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி வழியும். வெயில் ஏறியதும் அதே காற்று மேலே கிளம்பும். ஆகவே இருட்டில் மேட்டில் நடந்தால் வாடை கீழே இருக்கும் மானிடம் போகும். பள்ளத்தில் நடந்தால் ஓடையோடு இறங்கிப் போய்விடும். வானிலை ஆப் காட்டும் காற்றுத் திசையை மட்டும் நம்பாதீர்கள். சின்ன பாட்டிலில் பவுடர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு துளி ஊதிப் பாருங்கள், அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுதான் நிஜம்.

---

புதுப்பரண் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஹார்னஸ் விஷயத்தில் நீங்கள் நினைத்தது சரி, மேலே போய்த்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். லைஃப்லைன் இன்று வாங்கிவிட்டேன். ஓடை வழியில் ஒரு சிக்கல்: 200 கெஜம் அளவுக்குப் பக்கத்து நிலக்காரருடைய கரை. வேலியும் இல்லை, பலகையும் இல்லை. நடக்கலாமா? இன்னொன்று, ஓடையிலிருந்து பரணுக்குக் காய்ந்த ஓக் சருகு முழங்கால் வரை கிடக்கிறது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம்.

---

மான்தடம் எழுதியது:

கேட்காமல் நடக்காதீர்கள் தம்பி. மிச்சிகனில் பண்ணை நிலத்துக்கும் அதோடு சேர்ந்த காட்டுக்கும் வேலியோ பலகையோ இல்லாவிட்டாலும் அனுமதி வேண்டும். சனிக்கிழமை பகலில், சாதாரண உடையில், நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். வேட்டைக்கு இல்லை, நடந்து கடக்க மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த வண்டி என்பதை எழுதியே கொடுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அப்போது வயலின் வேலியோரமாகச் சுற்றி வருகிற வழியைப் பார்ப்போம், நீளம்தான், ஆனாலும் நடுவயலைவிட மேல்.

சருகுக்கு ஒரு தோட்ட வாருகோல் போதும். சீசனுக்கு முன் ஒரு நடுப்பகலில், காற்றடிக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். ஓடையிலிருந்து ஏணி வரை இரண்டடி அகலத்துக்கு மண் தெரியும்படி வாரிவிடுங்கள். முகத்தில் இடிக்கும் கிளைகளையும் அன்றைக்கே வெட்டிவிடலாம், நண்பரின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு. அந்தத் தடத்தில் ராத்திரியில் காலை வைத்துப் பழக, 14-ஆம் தேதிக்கு முன் ஒரு நாள் ஆயுதம் எதுவும் இல்லாமல், காம்பஸும் விளக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு, இருட்டிய பிறகு ஒரு முறை போய் வாருங்கள். முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று அப்போதுதான் தெரியும். போய் வந்ததும் இங்கே எழுதுங்கள்.