ஜாவாவில் பதிவிறக்கம் வழிமாற்றத்தில் தடைபடுகிறது: உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நூற்றுக்கணக்கான பிடிஎஃப் ஆவணங்களைப் பதிவிறக்குவதற்காக நான் ஜாவாவில் எழுதிவரும் நிரலில், எச்டிடிபி முகவரியைக் கொடுத்தால், சர்வர் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது எனும்) 301 குறியீட்டுடன் எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பிவிடுவதால், ஆவணத்துக்குப் பதிலாக ஒரு சிறிய எச்டிஎம்எல் பக்கமே கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. நான் பயன்படுத்தும், ஜாவாவின் எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷன் வகுப்பு வழிமாற்றங்களைத் தானாகப் பின்தொடர்ந்தாலும், எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸுக்கு நெறிமுறை மாறும் இடத்தில் நின்றுவிடும் என்பதை அறிவேன். ஆகவே சர்வரின் பதிலில் புதிய முகவரியைச் சொல்லும் 'லொகேஷன்' தலைப்பை நானே படித்து, முடிவில்லாமல் சுற்றாதிருக்க 5 முறை என்ற வரம்புடன், புதிய இணைப்பை ஏற்படுத்துகிறேன்.

ஆனால் சில சர்வர்கள் முழு முகவரியைத் தராமல் சாய்கோட்டில் தொடங்கும் பாதையை மட்டும் தருகின்றன. அங்கே நிரல் பிழையுடன் நிற்கிறது. அந்தப் பாதையை முந்தைய முகவரியுடன் பிழையின்றி இணைப்பது எப்படி? அல்லது ஜாவா 11இல் வந்த புதிய இணைப்பு வகுப்பான எச்டிடிபி கிளையண்ட்டுக்கு மாறி, வழிமாற்றத்தை 'நார்மல்' (எச்டிடிபிஎஸிலிருந்து எச்டிடிபிக்குச் செல்வதைத் தவிர மற்றவற்றைத் தானே பின்தொடரும்) என அமைப்பதே நல்லதா? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.