லயத்தில் 38 வீடு, ஒரு ஸ்மார்ட்போன்: வைத்தியத்துக்கு எதுவரை உதவும்?

கோயில்_கமிட்டி:
வணக்கம். மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளிய செம்பனைத் தோட்டம். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) 38 வீடு, இனிப்புநீரோ இரத்தக் கொதிப்போ இல்லாத வீடு குறைவு. டிரசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார். டவுன் கிளினிக் போக ஆள் சேர்ந்தால்தான் வண்டி. கமிட்டி ஒரு ஸ்மார்ட்போன், ஒரு பிரஷர் மிஷின், ஒரு சுகர் மிஷின் வாங்கித் தருகிறது. கிளினிக்கில் நாள் எடுப்பது, அளவு பார்த்து அனுப்புவது, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுவது, இந்த மூன்றையும் எப்படி அமைப்பது? தோட்டத்துக்கென்றே ஓர் ஆப் எழுதித் தருவதாக ஒரு பையன் சொல்கிறான். செய்யச் சொல்லலாமா?

பதிவு_மேசை:
ஆப் வேண்டாம். பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும், ஆனால் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே கோப்பை (ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் கோப்பு) இறக்கிப் பழகிய பெரியவர்கள், நாளைக்கு மோசடிக்காரன் அனுப்பும் ஏபிகேயையும் அப்படியே இறக்குவார்கள். பேங்கில் இருக்கும் காசு போய்விடும்.

கிளினிக்கில் நாள் எடுக்க அரசின் மைசெஜாத்ரா ஆப் போதும். ஸ்மார்ட்போன் இல்லாத தாத்தா பாட்டியை மகன் அல்லது பேத்தியின் கணக்கில் 'தாங்குங்கான்' (சார்ந்திருப்பவர்) ஆகச் சேர்க்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2021 தடுப்பூசி சமயத்தில் யாரோ ஒருவர் தன் எண்ணைப் போட்டு இவர்களைப் பதிந்துவிட்டுப் போயிருப்பார். அந்த பிரீபெய்ட் எண் டாப்-அப் இல்லாமல் செத்திருந்தால் ஓடிபி வரவே வராது. ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டு எண், பெயர், எந்தக் கைப்பேசி எண்ணில் கணக்கு இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று எழுதுவது. இது ஒரு சனிக்கிழமை வேலை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நாள் எடுக்கும்போது ஆளுக்கொரு நாளாக எடுக்காதீர்கள். ஒரே நாளில், அரை மணி வித்தியாசத்தில் ஐந்து பேருக்கு எடுத்தால் ஒரு வண்டி போதும். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கிளம்பும் வண்டி எத்தனை மணிக்கு டவுனுக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு எடுங்கள். காலை 8 மணிக்கான நேரத்தை எடுத்துவிட்டு 9.30-க்குப் போய் நிற்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

இன்னொன்று, அரசின் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குகிறவர்களிலும் அவர்களுடைய கணவன் மனைவியிலும் 40 வயதைத் தொட்டவர்களுக்கு பெக்கா பி40 உடல்நலப் பரிசோதனை இலவசம். தனியாகப் பதிய வேண்டாம், ஐசி (அடையாள அட்டை) போதும். ஆனால் இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை இரத்தம், சிறுநீர் எடுப்பார்கள். முடிவைச் சொல்வது இரண்டாவது முறை. நிறைய பேர் இரண்டாவது முறை போவதில்லை. இரண்டு தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

பழைய_டிரசர்:
மிஷின் பற்றி. பிரஷர் மிஷின் மேல்கையில் கட்டுவதாக வாங்குங்கள், மணிக்கட்டு மிஷின் வேண்டாம். பட்டை இரண்டு அளவு தேவை. குலை வெட்டுகிறவரின் தடித்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். தே தாரிக், சிகரெட் முடிந்து அரை மணி கழித்து, 5 நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பாருங்கள். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் இரவும், 7 நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டில் பார்த்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும்.

சுகர் மிஷினில் ஊசியை இரண்டு பேருக்குப் போடவே கூடாது. மிஷின் ஒன்றாக இருக்கலாம், குத்தும் பேனா ஆளுக்கு ஒன்று. விரலை சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்துக் குத்துங்கள். வாழைப்பழம் உரித்த கையோடு குத்தினால் பழத்துச் சர்க்கரையும் சேர்ந்து எண் ஏறும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் நம் ஊர் ஈரத்தில் கெட்டுப்போகும், திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். 4 mmol/L-க்குக் கீழே காட்டினால் போன் செய்து நேரம் போக்காதீர்கள். நினைவிருந்தால் உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999. விடியலில் இன்சுலின் போட்டுவிட்டுப் பசியாறாமல் காட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும்.

கோயில்_கமிட்டி:
நன்றி ஐயா. இந்த எண்களை லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு டிரசர் பார்க்கும்படி செய்யலாமா?

பழைய_டிரசர்:
கூடாது. ஒருத்தர் சுகரை 60 பேர் பார்ப்பார்கள், அடுத்த வாரம் அவர் அளவு காட்டவே வரமாட்டார். டிரசருக்குத் தனியாக அனுப்புங்கள். மிஷின் திரையும் அன்றைய தேதி எழுதிய துண்டுத்தாளும் ஒரே படத்தில் இருக்கட்டும், பெயருக்குப் பதில் வீட்டு எண்.

மருந்து_கவுண்டர்:
பிரஷர், சுகர் மாத்திரையின் மீதி மாதங்களைத் தபாலில் அனுப்பும் வசதி அரசு மருந்தகங்களில் இருக்கிறது, கவுண்டரில் கேட்டுப் பதிய வேண்டும். இன்சுலின் போகாது, குளிரில் இருக்க வேண்டியது. தோட்டத்து முகவரியில் பொட்டலம் ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) மேசையில் தங்கிவிடும், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ரேடியோ_ஆள்:
அவசரத்துக்கு. 3ஜி 2021-லேயே மூடியாச்சு. வாங்கும் போனில் 4ஜி குரல் அழைப்பு, அதாவது வோல்டி, வேலை செய்கிறதா என்று உங்கள் சிம்மைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பேசும்போது 2ஜிக்கு இறங்கும், பள்ளத்தில் அதுவும் கிடைக்காது. உங்கள் கம்பெனி கோடு (சிக்னல்) இல்லாமல் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினாலும் 999 அடியுங்கள், வேறு கம்பெனியின் கோபுரம் வழியாகப் போகும்.

999-இல் எடுப்பவருக்குப் 'பழைய லயம், மாரியம்மன் கோயில் பக்கம்' புரியாது. தோட்டத்து கேட், பெரட்டுத் திடல், லயம், ஒவ்வொரு பிளாக்கின் முனை, இத்தனை இடத்திலும் நின்று கூகுள் வரைபடத்தில் அமுக்கினால் வரும் இட எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பெயிண்டில் பலகையில் எழுதி அங்கேயே மாட்டுங்கள், கோடு இல்லாத போனிலும் பலகையைப் பார்த்துப் படிக்கலாம். கேட் சாவி யாரிடம், ராத்திரி யாரிடம் என்று அதே பலகையில். ஆம்புலன்ஸ் வந்து பூட்டிய சங்கிலிக்கு வெளியே நிற்பதுதான் பெரிய தாமதம்.

பாம்புக் கடிக்குக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கைகாலை அசைக்காமல் மட்டையில் வைத்துத் துணியால் தளர்வாகப் பிடிப்பு கொடுங்கள். வீக்கம் எட்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணி எழுதிப் படம் எடுங்கள், வழியிலும் மறுபடி ஒன்று. வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் பார்த்துத்தான் டாக்டர் விஷமுறிவு மருந்து பற்றி முடிவெடுக்கிறார். பாம்புக் கடிக்கு ஆலோசனை சொல்லும் ஆர்இசிஎஸ் என்ற நிபுணர் குழு இருக்கிறது, ஆஸ்பத்திரி டாக்டர் இந்தப் படங்களை அவர்களுக்கு அனுப்பிக் கேட்க முடியும். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போக வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் போதும்.

களைக்கொல்லி குடித்துவிட்டால் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள், வியாபாரப் பெயரை அல்ல, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் சதவீதத்தையும். காய்ச்சலோடு போகிறவர் 'செம்பனைக் காட்டில் வேலை' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்கியை மட்டும் பார்த்துவிட்டு எலிக்காய்ச்சலைத் தேடாமல் விட்டுவிட வாய்ப்புண்டு.