அனிமேஷன் படங்களில் எது பிடிக்கும், எது ஒட்டவில்லை? காரணத்தோடு சொல்லுங்கள்

வெண்திரை:
குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற அனிமேஷன் படங்களில் உங்களுக்கு மனசுக்குப் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று சொல்லுங்கள். "சூப்பர்", "மொக்கை" என்று நிறுத்தாமல் எந்தக் காட்சி, எதனால் என்று எழுதினால் உதவும். பார்க்கப்போவது 6 வயதும் 10 வயதுமான பிள்ளைகள்.

கூடவே ஒரு சந்தேகம். 1994 லயன் கிங் இன்றைக்குப் பார்த்தாலும் உலுக்குகிறது. 2019 படத்தில் கதையும் காட்சியும் ஏறக்குறைய அதேதான். தமிழில் அரவிந்த்சாமி, சித்தார்த் குரல்களும் நன்றாகவே பொருந்தியிருந்தன. அப்புறம் ஏன் மனதில் நிற்கவில்லை?

கோட்டுச்சித்திரம்:
குறை குரலில் இல்லை, முகத்தில். நிஜச் சிங்கத்துக்கு மனிதர்களைப் போல் புருவம் கிடையாது. 1994இல் வரைந்தவர்கள் அதற்குப் புருவம் கொடுத்தார்கள், உதட்டோரத்தை வளைத்தார்கள். அப்பா முஃபாசா இறந்து கிடக்கும்போது சிம்பாவின் புருவங்கள் நடுவில் மேலேறி, வாய் கோணுவதைப் பாருங்கள். வசனமே தேவைப்படாது. 2019இல் காட்டுயிர் ஆவணப்படம் போலத் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த நிமிடமே புருவமும் உதடும் போய்விட்டன. மிச்சம் இருப்பது திறந்து மூடும் வாய் மட்டும்தான், அழுகைக்கும் அரட்டைக்கும் ஒரே முகம். அதோடு 88 நிமிடப் படம் 118 நிமிடமாக நீண்டது. ஆனால் வில்லன் ஸ்காரின் பாட்டு மட்டும் சுருங்கி, பாதி பேச்சாகிவிட்டது. பழைய படத்தில் கழுதைப்புலிகள் அணிவகுக்க, பச்சைப் புகைக்கு நடுவே ஸ்கார் பாறை மேல் உயர்ந்து நிற்கும் இடம் அது! அந்த ஸ்காரை உருவாக்கிய அனிமேட்டர் ஆண்ட்ரியாஸ் டேஜாவின் வேலைக்காகவே என் ஓட்டு 1994 படத்துக்கு.

பிடிக்காதது தி போலார் எக்ஸ்பிரஸ் (2004). இதன் கோளாறு வேறு வகை. மோஷன் கேப்சரில் நடிகர் முகத்தில் புள்ளிகள் ஒட்டி அசைவைப் பதிவு செய்வார்கள். கருவிழியில் புள்ளி ஒட்ட முடியாது, அதனால் பார்வையைப் பிறகு தனியாகச் சேர்க்க வேண்டும். பார்க்கும் திசை ஒரு இழை தப்பினாலும் எதிரே இருப்பவரை ஊடுருவி எங்கோ வெறிப்பது போல ஆகிவிடும். நம்ம கோச்சடையானிலும் (2014) தூரக் காட்சிகளில் படம் தாங்குகிறது, குளோசப் வந்ததும் தடுமாறுகிறது. காரணம் இதுதான்.

மழைக்குடை:
என் முதல் இடம் மை நெய்பர் டோட்டோரோ (1988). 86 நிமிடம், வில்லனே கிடையாது. இரண்டு சிறுமிகள், ஆஸ்பத்திரியில் அம்மா, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம். பேருந்து நிறுத்தக் காட்சி ஒன்று போதும். தங்கையை முதுகில் சுமந்துகொண்டு அக்கா நிற்கிறாள், பக்கத்தில் டோட்டோரோ தலையில் ஒரு இலையோடு வந்து நிற்கிறது. அப்பாவுக்காகக் கொண்டுவந்த குடையை அவள் கொடுக்கிறாள். குடைமேல் சொட்டு விழுகிற சத்தம் அதற்குப் பிடித்துப்போய், ஓங்கிக் குதித்து மரத்தில் தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டவைக்கிறது. இயக்குநர் மியாசாகி அவசரப்படவே இல்லை. பேச்சு குறைவு, மழைச் சத்தம் அதிகம். 6 வயதுப் பிள்ளைக்கு இங்கிருந்து தொடங்குங்கள்.

பிடிக்காதது தி இமோஜி மூவி (2017). கதை நடப்பது போனில் இருக்கும் ஆப்களுக்குள். கேண்டி க்ரஷ், ஜஸ்ட் டான்ஸ், டிராப்பாக்ஸ் என்று வரிசையாக வருகின்றன. கதாபாத்திரம் எங்கே போக வேண்டும் என்பதைக் கதை தீர்மானிக்காமல் வணிகப்பெயர் தீர்மானிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டோட்டோரோவை எடுத்த ஸ்டுடியோவான கிப்லியின் பெயர் போட்டிருந்தாலே சின்னப் பிள்ளைகளுக்கு ஆகும் என்று நம்பிவிடாதீர்கள். கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ் ஜப்பானில் டோட்டோரோவோடு ஒன்றாகத்தான் வெளியானது, ஆனால் போரில் பட்டினியில் வாடும் அண்ணன் தங்கை கதை அது. பிரின்சஸ் மோனோனோகேயில் (1997) அம்பு பட்டுக் கையும் தலையும் துண்டாகும். இரண்டும் உயர்ந்த படங்கள்தான், 6 வயதுக்கு வேண்டாம்.

களிமண்விரல்:
பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்கிற ஸ்டாப் மோஷனை யாருமே சொல்லவில்லையே! ஆர்ட்மேன் ஸ்டுடியோ எடுத்த தி ராங் டிரவுசர்ஸ் (1993), சுமார் அரை மணி நேரம். கிராமிட் நாய்க்கு வாயே இல்லை, நெற்றி மேடு ஏறி இறங்குவதிலேயே சலிப்பு, சந்தேகம், கோபம் எல்லாம் வந்துவிடும். பென்குயின் திருடனுக்கு அதுவும் இல்லை, மணி போன்ற இரண்டு கண்கள் மட்டும். அசையாத அந்த முகம்தான் பயத்தைக் கொடுக்கிறது. கடைசி பொம்மை ரயில் துரத்தலில் பின்சுவர் வேகத்தில் மங்குவதைக் கவனியுங்கள். கேமரா ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து, ரயிலோடு சேர்த்துக் கேமராவையும் நகர்த்தி எடுத்தது அது.

கோரலைன் (2009) எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கண்ணுக்குப் பதில் பொத்தான் தைக்க ஊசி நூலோடு ஒரு அம்மா நிற்கிற படம். 10 வயதுப் பிள்ளைக்குக் கூட நீங்கள் முதலில் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

நொடிக்கு24:
எந்தப் படமானாலும் போடுவதற்கு முன் டிவி செட்டிங்கைப் பாருங்கள். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். அனிமேஷனில் பல இடங்களில் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 12 படம். ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸில் (2018) இதையே கதைக்குப் பயன்படுத்தினார்கள். காட்டில் ஓடும் காட்சியில் புதியவன் மைல்ஸ் 12இல் தடுமாறுவான், அனுபவசாலி பீட்டர் 24இல் வழுக்கிக்கொண்டு போவான். டிவி நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தானாகச் செருகினால் இந்த வித்தியாசம் மங்கிவிடும், கோடுகளின் ஓரமும் கலங்கும்.

சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ: பிக்சர் செட்டிங்குக்குள் போய் அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும். சில டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும், டிவியில் இருக்கும் ஆப்களுக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டியிருக்கும். ஒரு இடத்தில் அணைத்தும் பலன் இல்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

பாம்பி (1942) மாதிரிப் பழைய படங்கள் ஏறக்குறைய 4:3 அளவில் எடுத்தவை. இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும். ஜூம் வைத்து நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும்.

வெண்திரை:
எல்லோருக்கும் நன்றி. சின்னவளுக்கு இன்னும் சப்டைட்டில் வாசிக்க வராது. டோட்டோரோவை எப்படிக் காட்டுவது?

மழைக்குடை:
ஆங்கிலம் கொஞ்சம் புரியும் என்றால் டிஸ்னி வெளியிட்ட ஆங்கில டப்பிங் நன்றாக இருக்கிறது, டகோட்டா ஃபேனிங், எல் ஃபேனிங் சகோதரிகளே அக்கா தங்கைக்குப் பேசியிருக்கிறார்கள். இல்லையென்றால் ஜப்பானிய ஒலியிலேயே போட்டு, வசனம் வருகிற இடங்களில் மட்டும் நீங்கள் தமிழில் சுருக்கமாகச் சொல்லுங்கள். அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகும் தந்தி வந்ததும் தங்கை மெய் காணாமல் போவாள், குளத்தில் ஒரு செருப்பும் கிடைக்கும். அது அவளுடையது இல்லை என்று உடனே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் பயப்படுவது பெரும்பாலும் அந்த ஒரு இடத்தில்தான்.